வெயிலுக்கு எழுதப்படாத வேலை உத்தரவு: குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், பராமரிப்புக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மொட்டை மாடிகளில் நீர்த்தடுப்பு வேலை செய்யும் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் சேர்ந்து எழுதும் மடல் இது. முதல் மழை பெய்த மறுநாள் உங்களிடமிருந்து அழைப்பு வருகிறது. மேல்தள வீட்டில் கூரை ஒழுகுகிறது, உடனே அடைக்க வேண்டும் என்கிறீர்கள். நாலு பேரிடம் விலைப்புள்ளி வாங்குகிறீர்கள், குறைந்த தொகை சொன்னவருக்கு வேலை போகிறது, இரண்டு கோடை கழிவதற்குள் அதே இடத்தில் மறுபடி ஓதம் ஏறுகிறது. இது ஓயாமல் தொடர்வதற்குப் பெரும்பாலும் வேலை உத்தரவில் உள்ள ஒரு குறைதான் காரணம். அதில் மழையைப் பற்றி எல்லாம் இருக்கிறது. வெயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூரையைப் பிளப்பது வெயில். ஏற்கெனவே பிளந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது, அவ்வளவே. அடுத்த வேலை உத்தரவை எழுதும்போது வெயிலை மனதில் வைத்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. தார் பூசிய தளமும், பாசி காய்ந்து கறுத்த கான்கிரீட்டும் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். காற்றின் வெப்பநிலை 38 டிகிரியாக இருக்கும் நாளில் கறுப்புக் கூரையின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இரவிலோ நேர்மாறு. மேகமில்லாத வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழேகூட அந்த மேற்பரப்பு இறங்கிவிடும். ஆக, ஒரே நாளில் 40 டிகிரி ஏறி இறங்குகிறது. கட்டடத்தில் வேறு எந்தப் பகுதியும் இந்தப் பாடு படுவதில்லை.

கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும். கேட்கச் சின்ன எண்தான். 12 மீட்டர் நீளமுள்ள தளத்தின் சராசரி வெப்பநிலை 25 டிகிரி உயர்ந்தால் 3 மி.மீ. நீட்சி ஆகிவிடுகிறது. கீழே அதைத் தாங்கும் செங்கல் சுவர் அதில் ஏறக்குறைய பாதி அளவே நீளக்கூடியது. தளத்தின் அடியில் இருப்பதால் அந்த அளவுக்குச் சூடாவதும் இல்லை. தளம் நகர்கிறது, சுவர் நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடுவது இதனால்தான். இதோடு வளைவும் சேர்ந்துகொள்கிறது. பகலில் தளத்தின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிடச் சூடாக இருப்பதால் நடுப்பகுதி மேல்நோக்கி வளையப் பார்க்கும். இரவில் மேல்பக்கம் முதலில் குளிர்ந்து சுருங்கும்போது மூலைகள் எம்பப் பார்க்கும். மூலை அறைகளில் விரிசல் முதலில் தெரிவதும் அதிகமாக இருப்பதும் இந்த அசைவால்தான்.

இந்த விரிசலைப் பார்த்ததும் அஸ்திவாரம் இறங்கிவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. பிரித்தறிவது கடினமில்லை. வெயிலால் வந்தது பெரும்பாலும் மேல்தளத்தோடு நின்றுவிடும். கட்டடத்தின் இரு முனைகளிலும் அதிகமாகவும், நடுவில் வரவரக் குறைந்தும் இருக்கும். முனைச் சுவர்களில் சாய்வாகவும் ஓடலாம். தரைத்தளத்திலிருந்தே கிளம்பி மேலே ஏறும் விரிசல் என்றால் அது வேறு சங்கதி. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள், எங்களை அல்ல.

திடீர் மழை இன்னொரு அடி. மாலை மூன்று மணிக்குக் கொதித்துக் கிடக்கும் தளத்தின் மேல் கோடைமழை கொட்டினால், மேற்பரப்பு சில நிமிடங்களில் 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அடியில் உள்ள கான்கிரீட் இன்னும் சூடாகவே இருக்கும். மேல்தோல் சுருங்க முயல்கிறது, அடிப்பகுதி விடுவதில்லை. இழுவிசையைத் தாங்குவதில் கான்கிரீட்டும் சிமெண்ட் பூச்சும் பலவீனமானவை. அந்த இடத்திலேயே முடிபோன்ற விரிசல்கள் வலைபோலப் பரவும். அதே மழையின் நீர் அவற்றில் இறங்கும். பல காலமாக ஒழுகாத கூரை ஒரே மழையில் ஒழுகத் தொடங்கியதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இப்படி நடப்பதே. இறங்கிய நீர் கம்பியைத் தொட்டதும் துரு ஏறும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கூரையின் அடிப்பக்கம் உப்பி, சில்லுசில்லாகப் பெயர்ந்து விழுகிறது.

வெயிலில் வெப்பம் மட்டும் இல்லை, புற ஊதாக் கதிரும் இருக்கிறது. பூமியை எட்டும் சூரிய ஆற்றலில் அதன் பங்கு சில விழுக்காடுதான் என்றாலும், தார், பிளாஸ்டிக், ரப்பர், பாலியுரித்தேன் எல்லாவற்றின் நீண்ட மூலக்கூறுகளையும் அறுத்துப்போடுவது அதுதான். தார்ப்பூச்சில் எண்ணெய்ப்பசை வற்றி, மேல்பக்கம் முதலையின் தோல்போல வெடிப்பது இதன் விளைவு. தார்மெம்பரேன், அதாவது சுருளாக வரும் தார் விரிப்பு, ஒட்டச் சொல்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மேலே கல்துகள் பதித்த வகையா? இல்லையென்றால் அதன் மேல் என்ன காப்பு வரப்போகிறது? வெற்று மெம்பரேனை வெயிலில் விட்டால் அது தன் காலத்துக்கு வெகு முன்பே சாகும். சாலைக்குப் போடும் சாதாரணத் தாரைக் காய்ச்சி மாடியில் ஊற்றும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்த வகைத் தார் 50 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும்; கூரையோ 65 டிகிரி. அது வழிந்து வாட்டத்தின் பக்கம் சேர்ந்துவிட, மேட்டுப்பக்கம் வெறும் தளமாக நிற்கும். கூரைக்கு என்றே காற்றூட்டிய தார் இருக்கிறது. 85/25 என்று குறிக்கப்படும் வகை 85 டிகிரிக்கு அருகில்தான் இளகும். எபாக்சி என்னும் பிசின்பூச்சு வெயிலில் மாவாக உதிரும். பாலியுரித்தேன் பூச்சில் மலிவான வகை மஞ்சளாகி மாவு விடும். அதன் மேல் புற ஊதாவைத் தாங்கும் மேற்பூச்சு கட்டாயம்.

பூச்சு கொப்பளம் கொப்பளமாக எழும்புவதைப் பற்றித்தான் உங்களிடமிருந்து அதிகமான புகார்கள் வருகின்றன. ஈரத்தின் மேல் பூசியதே காரணம். 25 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 3 கிலோபாஸ்கல்; 65 டிகிரியில் அது 25 கிலோபாஸ்கல். எட்டு மடங்கு. தளத்துக்குள் அடைபட்ட ஈரம் ஒவ்வொரு நண்பகலும் இவ்வளவு வேகத்தோடு பூச்சை மேலே தள்ளுகிறது, இரவில் ஓய்கிறது, மறுநாள் மீண்டும் தள்ளுகிறது. எந்தப் பசையும் ஒரு கோடை முழுக்க இதைத் தாங்காது. சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 45 செ.மீ. சதுரமான பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு விளிம்பையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ தளம் இன்னும் காயவில்லை. மாடியின் பள்ளமான மூலையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று இடத்திலாவது இதைச் செய்ய வேண்டும். மழை நின்ற மறுநாளே பூசித் தருகிறேன் என்பவருக்கு இந்தச் சோதனை முடியாமல் வேலை கொடுக்காதீர்கள்.

விலைப்புள்ளி கேட்பதற்கு முன் உங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரே நாளில் இருமுறை மாடி ஏறினால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும். முதல் முறை விடியும் நேரத்தில். தளம் மிகக் குளிர்ந்து சுருங்கியிருக்கும் அப்போதுதான் விரிசல்கள் மிக அகலமாகத் திறந்திருக்கும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் அளக்கும் அட்டையால் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு. அதே விரிசல்களை அதே இடத்தில் மறுபடி அளங்கள். அகலம் மாறியிருந்தால் அது அசையும் விரிசல். கொப்பளங்கள் முழுதாக உப்பி நிற்பதும் இந்த நேரத்தில்தான். சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள், ஆனால் இளகிய தார்மெம்பரேன் மேல் அப்போது நடக்க வேண்டாம், செருப்பின் தடம் பதிந்துவிடும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் மேற்பரப்பு வெப்பநிலையையும் குறியுங்கள். கான்கிரீட்டுக்கும் பூச்சு அடித்த பரப்புக்கும் அது சரியாகக் காட்டும். பளபளப்பான தகரத்தில் குறைத்துக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அது சூடேறிய பின் டேப்பின் மேல் அளக்க வேண்டும். ஒரு சிறு சுத்தியலால் தளத்தை அங்கங்கே தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் மேல்பூச்சு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதன் மேல் எதைப் பூசினாலும் வீண்.

அசையும் விரிசலைச் சிமெண்டால் அடைப்பதுதான் எங்கள் தொழிலில் மிக அதிகமாக நடக்கும் தவறு. சிமெண்ட் இழுபடாது. தளம் நாளைக்கும் நகரத்தான் போகிறது. அடைத்த இடத்திலோ அதற்கு ஒரு விரல் தள்ளியோ மறுபடி பிளக்கும். செய்ய வேண்டியது இது. விரிசலின் மேல் கட்டர் மெஷினால் 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீள்பள்ளம்) எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் கூடாது. கம்பியின் மேல் இருக்கும் கான்கிரீட் பல வீடுகளில் 15, 20 மி.மீ.தான், கட்டர் கம்பியைத் தொட்டுவிடும். தூசியை ஊதி அகற்றி, காடியின் அடியில் மட்டும் ஒட்டாத டேப் போட வேண்டும். பிறகு பக்கவாட்டில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன் மேல் 6 மி.மீ. கனத்துக்கு நெகிழும் சீலண்ட் என்னும் அடைப்புப் பசை. டேப் எதற்கு என்றால், சீலண்ட் இரு பக்கச் சுவரை மட்டும் பிடித்திருந்தால் ரப்பர்போல இழுபட்டு மீளும். அடியையும் பிடித்துக்கொண்டால் இழுபட வழியில்லாமல் கிழியும். 25 விழுக்காடு அசைவைத் தாங்கும் சீலண்ட் என்றால் 12 மி.மீ. காடியில் 3 மி.மீ. அசைவைத் தாங்கும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் காடியின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். கட்டர் பிளேடின் கனத்தை வைத்து அல்ல.

எந்த நேரத்தில் நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். நண்பகலில் தளம் நீண்டு விரிசல் மூடிக்கிடக்கும்போது நிரப்பினால், இரவில் அது திறக்கும்போது முழு இழுப்பும் சீலண்ட் மேல் விழும். விடியற்காலையில் அகலத் திறந்திருக்கும்போது நிரப்பினால் பகலில் பிதுங்கி வெளியே தள்ளப்படும். வெயில் ஏறத் தொடங்கி, பனி ஈரம் காய்ந்த காலை எட்டு, ஒன்பது மணி சுமாருக்கு விரிசல் இடைநிலையில் இருக்கும். அதுவே தகுந்த நேரம்.

காடி எடுக்கத் தேவையில்லாத முடிபோன்ற விரிசல்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூடியிருக்கும் விரிசலின் மேல் நேராகப் பூச்சை ஒட்டிவிட்டால், விரிசல் 0.3 மி.மீ. திறந்தாலும் போதும், பூச்சு கிழிந்துவிடும். ஏனெனில் அந்த 0.3 மி.மீ. இழுப்பைப் பகிர்ந்துகொள்ள நீளமே இல்லை. விரிசலின் மேல் 50 மி.மீ. அகல டேப்பை ஒட்டி, அதன் மேல் 150 மி.மீ. அகல ஃபைபர் துணியைப் பூச்சில் நனைத்துப் பதித்தால், டேப்பின் மேலுள்ள 50 மி.மீ. பூச்சு முழுவதும் சேர்ந்து அந்த இழுப்பை ஏற்கும். இழுப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு டேப் சுருளில் வரும் வித்தியாசம் இது. வேலை உத்தரவில் எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

மேல்தள அறைக்குள் கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள அந்தப் படுக்கைவாட்டு விரிசலுக்கும் இதே நியாயம்தான். சாந்து பூசி மறைக்காமல், 10 மி.மீ. காடியாக நேராக வெட்டி, பெயிண்ட் அடிக்கக்கூடிய நெகிழ் சீலண்டால் நிரப்பிவிடுங்கள். இனிமேல் கட்டப்போகிறவர்கள், சுவர் தளத்தைத் தாங்கும் கட்டடமாக இருந்தால், சுவரின் தலையைச் சமமாகப் பூசி, அதன் மேல் இரண்டு அடுக்குத் தார்த்தாளோ பாலிதீனோ விரித்து, பிறகு தளம் போட வேண்டும் என்று பொறியாளரிடம் கேளுங்கள். தளம் சுவரின் மேல் வழுக்கி நகரும், சுவரை இழுக்காது.

கைப்பிடிச் சுவரை யாரும் கவனிப்பதில்லை. மூன்று பக்கமும் வெயிலில் நிற்கும் மெல்லிய சுவர் அது. அதன் தலையில் விழும் விரிசலில் இறங்கும் நீர், நீங்கள் தளத்தில் எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும், பூச்சின் பின்பக்கமாக வந்து வீட்டுக்குள் இறங்கும். தலைப்பூச்சு மாடியின் உள்பக்கம் சரிய வேண்டும். வெளிப்பக்க விளிம்பின் அடியில் நீர் சொட்டும் வெட்டு இருக்க வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் 50 மி.மீ. குழைவாக உருட்டிப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் 300 மி.மீ. உயரம் ஏற்றுங்கள்.

குழாய்கள் நுழையும் இடமும் அப்படித்தான். வெயிலில் 3 மீட்டர் பி.வி.சி. குழாய் 40 டிகிரி ஏற்றத்தில் 7 மி.மீ. அளவுக்கு நீளும். அதைத் தளத்தில் சிமெண்டால் இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு நாளும் அந்தப் பிடியை அது உடைக்கும். குழாயைச் சுற்றி 25 மி.மீ. காடி எடுத்துச் சீலண்ட் நிரப்பி, தளத்துக்கு மேல், குழாய் நீள இடம்தரும் விரிவிணைப்பு ஒன்று போட்டு, கிளாம்புகளைக் குழாய் நகரும்படி விட வேண்டும்.

இனிப் பூச்சு. சங்கங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கூலிங் பெயிண்ட் வேறு, நெகிழும் நீர்த்தடுப்புப் பூச்சு வேறு. முன்னது வெயிலைத் திருப்பி அனுப்பும், மெல்லியது, விரிசலைத் தாங்காது. பின்னது காய்ந்த பிறகு அரை மி.மீ. கனம் நிற்க வேண்டும். வெள்ளை நிற நெகிழ் அக்ரிலிக் பூச்சு இரண்டு வேலையையும் செய்யும், கனம் இருந்தால். அதற்கான கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரக் கனம் 1 மி.மீ. டின்னில் உள்ளதில் பாதி கனஅளவு திடப்பொருள் என்றால் காய்ந்த கனம் 0.5 மி.மீ. ஆகவே 200 சதுர மீட்டர் மாடிக்கு 200 லிட்டர். சேதாரம் பத்து விழுக்காடு சேர்த்தால் 220 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி 11. நான்கு வாளியோடு வருபவர் தண்ணீரைக் கலந்து எவ்வளவு பெருக்கினாலும் காய்ந்த பிறகு 0.2 மி.மீ.தான் நிற்கும். சீல் பிரிக்காத வாளிகளை வேலைக்கு முன் எண்ணுங்கள், காலி வாளிகளை வேலைக்குப் பின் எண்ணுங்கள், காலி வாளிகளைத் திரும்ப ஒப்படைத்த பிறகே பணம் என்று உத்தரவில் எழுதுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் யாரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

பாசியைச் சுரண்டி, அழுத்த நீரால் கழுவி, காயவிட்டு, பாலிதீன் சோதனையும் முடிந்த பிறகே பிரைமர். பிரைமரையும் முதல் கோட்டையும் வெயில் சாயத் தொடங்கிய பின், தளத்தின் வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அடிக்க வேண்டும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, ஈரப்பூச்சைத் துளைத்து வெளியேறும், ஊசித்துளைகள் விழும். மாலையில் தளம் குளிரும்போது காற்று சுருங்கி, பூச்சைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த கோட்டுகளைக் காலையிலும் அடிக்கலாம், துளைகள் ஏற்கெனவே அடைபட்டுவிட்டன. உச்சி வெயிலில் எந்தக் கோட்டும் கூடாது. மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே நீர் சிக்கி, கொப்பளிக்கும். மேற்பரப்பு 40 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை நிற்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பனி இறங்கும் இடங்களில், இறங்குவதற்கு முன் பூச்சு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரும்படி நேரம் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு கோட் தெற்கு வடக்காக என்றால் அடுத்தது கிழக்கு மேற்காக. முழுப் பரப்பிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் துணியைச் சுருக்கமின்றிப் பதித்தால் நல்லது. குழைவுகளிலும் குழாயைச் சுற்றியும் அது கட்டாயம்.

வெள்ளை நிறத்துக்கு இவ்வளவு முக்கியம் தருவதற்குக் காரணம் உண்டு. புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு 5, 10 விழுக்காடுதான். மேற்பரப்பு வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். வீடு குளிர்வதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே தளத்தின் அசைவு குறைகிறது, விரிசலும் சீலண்டும் பூச்சும் படும் பாடு குறைகிறது என்பதுதான் எங்களுக்குப் பெரிது. தூசி படியப் படிய அந்தத் திறன் இறங்கும். மூன்று ஆண்டுக்குள் 80 என்பது 60 அளவுக்கு வந்துவிடலாம். எனவே விற்பவரிடம் புதிதில் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மூன்று ஆண்டு வெயிலில் நின்ற பிறகு எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒவ்வொரு கோடைக்கு முன்பும் மென்மையான துடைப்பத்தால் கழுவுங்கள். மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பூசுவதற்கு முன்பே வாட்டம் சரிசெய்துவிடுங்கள். 1 மீட்டருக்கு 10 மி.மீ. சரிவாவது வேண்டும். தேங்கிய நீர் வற்றும் இடத்தில் அழுக்கு வட்டமாகப் படிந்து, அந்த வட்டத்தில்தான் பூச்சு முதலில் உரியும்.

வெள்ளைப் பூச்சு போதாது, வெப்பத்தடுப்பும் வேண்டும் என்றால் அதைத் தளத்துக்கு மேலே போடுங்கள். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டு மேலே கண்ணாடிநார்க் கம்பளி அடைத்தால் அறை குளிரும், தளமோ முன்புபோலவே கொதிக்கும், விரிசல் தொடரும். நீர்த்தடுப்பின் மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையை (நீர் குடிக்காத கெட்டியான நுரைப்பலகை) அடுக்கி, அதன் மேல் துணி விரித்து, 50 மி.மீ. கூழாங்கல்லோ சிமெண்ட் பலகையோ போடும் முறை எங்களுக்குப் பிடித்தது. வெப்பத்தைத் தடுப்பதில் அந்த 50 மி.மீ. பலகை ஏறத்தாழ 2.8 மீட்டர் கனக் கான்கிரீட்டுக்குச் சமம். நீர்த்தடுப்பு, வெயிலையும் புற ஊதாவையும் பார்ப்பதே இல்லை. சாதாரணத் தெர்மோகோல் இதற்கு உதவாது, நீரைக் குடிக்கும். கரைப்பான் கலந்த பசை இந்த இரண்டு வகைப் பலகையையுமே கரைத்துவிடும். கூழாங்கல் சதுர மீட்டருக்கு 80 கிலோ, சிமெண்ட் பலகை 120 கிலோ எடை. தளம் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் சொன்ன பிறகே ஏற்ற வேண்டும்.

வெள்ளை ஓடு பதிப்பதானால் இரண்டே நிபந்தனை. ஒழுகும் தளத்தை ஓட்டால் மறைக்கக் கூடாது. வெயிலில் கிடக்கும் ஓட்டுப் பரப்பில் 3 மீட்டருக்கு ஒரு நெகிழ் இணைப்பு, கைப்பிடிச் சுவரை ஒட்டியும் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நண்பகலில் ஓடுகள் கூடாரம்போல எம்பி நிற்கும்.

மாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் சங்கங்கள் பல. 50 டிகிரி ஏற்றத்தில் 6 மீட்டர் எஃகுத் தகடு 3.6 மி.மீ. நீளும், அலுமினியம் ஏறக்குறைய 7 மி.மீ. திருகுத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து, ரப்பர் வாஷர் வெயிலில் கல்லாகி, அங்கே ஒழுகும். வாஷர்களை மாற்றும்போது பசைக்குப் பதில் பெரிய வாஷரும் புதிய திருகும் கேளுங்கள். வாஷர் சற்றே பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் யாரையும் நேரடியாக நடக்கவிடாதீர்கள், கம்பி பிரஷ்ஷாலும் தேய்க்கவிடாதீர்கள். பார்க்கத் திடமாக இருக்கும், காலை வைத்ததும் உடையும். தேய்த்தால் பறக்கும் நார் நுரையீரலுக்கு நஞ்சு.

வேலை முடிந்ததும் மாடியில் மழைநீர் வெளியேறும் வாய்களை அடைத்து 25 மி.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கோடையில் ஒரு நாளில் பல மி.மீ. ஆவியாகவே போகும் என்பதால் மட்டம் இறங்கியதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதே மாடியில் ஓர் அகலத் தட்டில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. மாடியில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ இறங்குகிறது. கீழ்வீட்டுக் கூரையையும் அந்த 24 மணி நேரத்தில் இரண்டு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை நேரம். காலை பதினோரு மணி முதல் நான்கு மணி வரை மாடியில் எந்தப் பூச்சு வேலையும் நடக்கக் கூடாது என்று உத்தரவிலேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் பூசினால் பூச்சு நிற்காது என்பது மேலே சொன்னதுதான். அதே நேரத்தில்தான் ஆட்கள் வெயில் தாக்கி விழுகிறார்கள். இரண்டு நாளில் முடித்துத் தா என்று நீங்கள் நெருக்கும்போது ஒப்பந்ததாரர் ஆட்களை அந்த வெயிலில்தான் நிறுத்துகிறார். நாள்களைக் கூட்டிக் கொடுங்கள். நிழலுக்கு ஒரு பந்தலும், கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு டம்ளர் குடிநீரும் அங்கே இருக்கட்டும். புதிதாக வெள்ளை அடித்த தளத்திலிருந்து வெயில் கண்ணுக்கு நேராகத் திரும்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி வேண்டும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள இடத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் யாரும் விளிம்புக்குப் போகக் கூடாது. இவற்றுக்கான தொகையை விலைப்புள்ளியில் தனி வரியாகக் கேளுங்கள். அப்போதுதான் குறைந்த விலை சொல்வதற்காக இவற்றை யாரும் வெட்டமாட்டார்கள்.

இப்படிக்கு,
கூரை நீர்த்தடுப்பு வேலையில் உள்ள பொறியாளர்கள், மேஸ்திரிகள்